கடைசி வீட்டுக் கதவு

படச்சுருளில் விழும் கீறல் மேலிருந்து கீழாகத்தான் ஓடும். புரொஜெக்டருக்குள் சுருள் இறங்கும் வழி அது. எங்கோ ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், மழைக்கோடு மாதிரி நெடுக இழுத்துக்கொண்டே போய்விடும். பழைய படங்களைச் சுத்தம் செய்யும் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவள் கணினியில் துடைத்தெறிந்த கீறல்கள் எல்லாம் அந்த ரகம்தான். இந்தப் படத்தின் கீறல்கள் மட்டும் குறுக்கே கிடந்தன. கடைசியில் வரும் ஒரு வீட்டுக் கதவின்மேல், இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும், ஒன்றன்மேல் ஒன்றாக. இது இயந்திரம் செய்த வேலை அல்ல. யாரோ ஊசியை எடுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபிரேமாக, கையால் கீறியிருந்தார்கள்.

வேலைவெட்டி இல்லாத எவனோ செய்த வேலை என்று நினைத்துக்கொண்டு, தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, அவள் துடைக்க ஆரம்பித்தாள்.

படம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. சினிமாவுக்குப் பேச்சு வராத காலத்துக் கார்ட்டூன். கறுப்பு உடம்பும் வெள்ளைக் கையுறையும் குச்சிக் கால்களுமாக ஓர் ஆடு, தலையில் உயரத் தொப்பி. அவள் மகள் சிட்டு அதற்குத் தொப்பிக்காரன் என்று பேர் வைத்திருந்தாள். அவன் ஒரு தெருவில் நடக்கிறான். புகைபோக்கி வைத்த வீடு, பூந்தொட்டி வைத்த வீடு, வட்ட ஜன்னல் வைத்த வீடு. ஒவ்வொரு கதவையும் தட்டுகிறான், தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போடுகிறான், யாரும் திறப்பதில்லை, அடுத்த வீட்டுக்குப் போகிறான். வட்ட ஜன்னல் வீடு முடிந்ததும் மறுபடி புகைபோக்கி வீடு வரும். அந்தக் காலத்தில் அப்படித்தான். ஒரு நடையை ஒரு தடவை வரைந்துவிட்டு, அதே படங்களைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுக் காசு பார்த்துவிடுவார்கள். கடைசிச் சுற்றில், கீறல் விழுந்த வட்ட ஜன்னல் வீட்டின் முன்னால் மட்டும் அவன் கையை ஓங்கி நின்று, தட்ட இடம் தெரியாதவன்போலத் தலையைச் சொறிந்துவிட்டு, தட்டாமலே போய்விடுவான். அதோடு படம் முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட படங்களைச் சுத்தம் செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு சுற்றில் கெட்டுப்போன இடத்துக்கு, முந்தைய சுற்றிலிருந்து நல்ல இடத்தை வெட்டி எடுத்து ஒட்டிவிட வேண்டியதுதான். இரண்டும் ஒரே படம். ஊரில் எவனுக்கும் வித்தியாசம் தெரியாது. அவளும் அதைத்தான் செய்தாள். முந்தைய சுற்றின் நல்ல கதவை எடுத்து, கீறிய கதவின்மேல் ஃபிரேம் ஃபிரேமாக ஒட்டினாள். கையை, காலை, தொப்பியை அவள் தொடவே இல்லை. கதவை மட்டும்தான் தொட்டாள்.

பள்ளி விடுமுறை என்பதால் சிட்டு காலையிலிருந்து அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பல் விழுந்த வாய், இடது காலில் மட்டும் எப்போதும் கழன்று தொங்கும் காலுறை. வயிற்றில் வந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போய், இனி வேண்டாம் என்று மருத்துவரே சொன்ன பிறகு தங்கிய ஒரே பிள்ளை. அப்பன் கப்பல் வேலையில் மாதக்கணக்கில் தண்ணீரில் கிடப்பவன். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். பிள்ளை இரவில் இருமினால் இவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

"ஏம்மா யாருமே திறக்க மாட்டேங்கிறாங்க?" என்று சிட்டு கேட்டாள்.

"அது வரைஞ்ச கதவுடி. எப்படித் திறக்கும்?"

"பாவம்மா. எத்தனை வீடு தட்டுறான். நானா இருந்தா திறந்திருப்பேன்."

"நீ திறப்பே. காய்கறிக்காரன் தட்டினாலும் திறப்பே, கள்ளன் தட்டினாலும் திறப்பே. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

சிட்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே முன்னறைக்கு ஓடினாள்.

வேலை முடிந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. திரையின் நிறம் சரியாகத் தெரிவதற்காக, வீட்டில் அவள் வேலை செய்யும் அந்த அறையின் ஜன்னலில் கனத்த கறுப்புத் துணி தொங்கும். வெளியே வெயிலா மழையா என்பதே உள்ளே தெரியாது. கணினியின் விசிறி முனகிக்கொண்டிருந்தது. முன்னறையில் சிட்டு தரையில் எதையோ வரைந்துகொண்டு தனக்குத்தானே பேசும் குரல் கேட்டது. அவள் சோம்பல் முறித்துவிட்டு, படத்தைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டாள்.

தொப்பிக்காரன் நடந்தான். தட்டினான், கும்பிட்டான், நகர்ந்தான். கதவுகள் வந்தன, போயின. கடைசிச் சுற்றில் வட்ட ஜன்னல் வீடு வந்தது. கதவு புத்தம் புதிதாக, ஒட்டுப்போட்டதே தெரியாமல் இருந்தது. தன் கைவேலையில் அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. தொப்பிக்காரன் கையை ஓங்கினான். தலையைச் சொறியவில்லை. தட்டினான்.

முன்னறையில், வாசற்கதவில், தட்டும் சத்தம் கேட்டது.

யாரோ வந்திருக்கிறார்கள், நேரம் ஒத்துப்போய்விட்டது, அவ்வளவுதான் என்று முதலில் நினைத்தாள். பிறகுதான் மற்றது உறைத்தது. அவன் ஏன் தட்டினான்? அவன் கையை நான் தொடவே இல்லையே. படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். வெள்ளைக் கையுறை எழுந்தது, கதவில் பட்டது. வாசலில் சத்தம். முன்பு கேட்ட அதே சத்தம். முதல் இரண்டு அடி வேகமாக, மூன்றாவது கொஞ்சம் தாமதித்து, கூச்சப்படுகிறவன் தட்டுவதுபோல.

"சிட்டு, திறக்காதே."

"சரிம்மா."

எழுந்து முன்னறைக்குப் போனாள். சிட்டு தரையில் குப்புறப் படுத்து, கலர் பென்சிலைக் கடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவின் சின்னக் கண்ணாடித் துளையில் கண் வைத்துப் பார்த்தபோது வெளியே நடைபாதை காலியாக இருந்தது. எதிர்வீட்டுச் செருப்புகள், குழல் விளக்கு, சுவரில் சாய்த்து வைத்த யாரோ ஒருவரின் சைக்கிள். ஆனால் கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. புரொஜெக்டர் விளக்கில் தூசி கருகும் வாசனை. வேலைக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம் முகர்கிற வாசனைதான். வீட்டில் அது வரக் காரணமே இல்லை. தாழ்ப்பாளைச் சரிபார்த்து, அதற்கு மேலே சங்கிலியையும் மாட்டினாள்.

திரும்பி வந்து பார்த்தால் படம் முடிந்து கறுத்திருக்க வேண்டிய திரையில் தொப்பிக்காரன் நின்றுகொண்டிருந்தான். அசையாமல். தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி. ஆப்பிளில் ஒரு துண்டு வெட்டியதுபோன்ற அந்தப் பழைய காலத்துக் கண்கள் இமைக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தான்.

படத்தை மூடினாள். வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. கணினியின் பிளக்கையே பிடுங்கினாள். விசிறி அடங்கியது. அந்த நிசப்தத்தில் மறுபடி அதே தட்டல், அதே இடைவெளி, அதே கூச்சம். பயம் என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. ஒரு கார்ட்டூன் ஆட்டுக்கா பயப்படுவது? ஆனாலும் போனைத் தேடி எடுத்தாள்.

படச்சுருளை ஸ்கேன் எடுத்துக் கொடுத்தவரைக் கூப்பிட்டாள். அசல் சுருள் அவரிடம் வேலைக்கூடத்தில் இருந்தது. பொறுமையான மனிதர், அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, அந்த ஆட்டுப் படம். கடைசியில ஒரு கதவுல கீறல் இருந்ததில்ல?"

"ஆமா, கையால கீறினது. ஸ்கேன் போடும்போதே பாத்தேன். எவனுக்கோ அந்தக் கதவு மேல என்ன கோபமோ."

"இப்ப எடுத்துப் பாருங்க. தயவுசெஞ்சு இப்பவே."

டப்பா திறக்கும் சத்தமும் சுருள் உரசும் சத்தமும் கேட்டன.

"தங்கச்சி, கீறல் இல்ல."

"என்னது?"

"கதவு சுத்தமா இருக்கு. இது அசல்தான், என் கையெழுத்துப் போட்ட டப்பாதான். இன்னொண்ணு…" அவர் குரல் இறங்கியது. "இந்த ஆடு இப்படி நின்னுட்டே இருக்குமா? சுருள் முடியிற வரைக்கும் ஒவ்வொரு ஃபிரேம்லயும் நிக்குது. நடக்கவே இல்ல."

"அண்ணே, ஒரு ஊசி எடுத்து அந்தக் கதவைக் கீறிடுங்க. பழையபடி ஆக்கிடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா? அசலைக் கீறினா என்னை உள்ள தள்ளிடுவாங்க. நீ தூங்கினியா இல்லையா? போய்ப் படு, நாளைக்குப் பேசலாம்."

வைத்துவிட்டார். அவள் மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஊசியால் கீறியவன் வேலைவெட்டி இல்லாதவன் அல்ல. அவன் கதவைக் கெடுக்கவில்லை, அடைத்திருக்கிறான். அவன் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். நான்தான் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அதை மெனக்கெட்டுத் திறந்து வைத்திருக்கிறேன்.

இங்கே துடைத்தால் அங்கே அசலிலும் துடைபடும் என்றால், இங்கே கீறினால் அங்கேயும் விழும். விழ வேண்டும்.

சிட்டுவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறைக் கட்டிலில் உட்காரவைத்தாள். "அம்மா வந்து கூப்பிடுற வரைக்கும் இங்கேயே இருக்கணும். யார் தட்டினாலும், யார் கூப்பிட்டாலும். சரியா?"

"வெளியில தொப்பிக்காரனாம்மா?"

"யாருமில்ல. படுத்துக்கோ கண்ணு."

கணினியை மறுபடி உயிர்ப்பித்து, வரையும் பேனாவை எடுத்து, கீற ஆரம்பித்தாள். கதவின்மேல் குறுக்கே ஒரு கோடு, அதன்மேல் ஒன்று, அதன்மேல் ஒன்று. அடுத்த ஃபிரேம். மறுபடி குறுக்கே. ஒரு நொடிப் படத்துக்கே எத்தனையோ ஃபிரேம்கள். துடைக்கும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டு ஹாயாகச் செய்த வேலை. இப்போது ஒவ்வொன்றும் மலையாகக் கனத்தது. வாசலில் தட்டல் நிற்கவில்லை. அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. கேட்கக் கேட்க அந்தப் பொறுமைதான் அவளைக் கொன்றது. கருகல் வாசனை அறைக்குள் வந்துவிட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. கீறினாள்.

முன்னறையில் சின்னக் காலடிகள் ஓடும் சத்தம்.

"சிட்டு, உள்ளே போ."

"கை வலிக்கும்லம்மா அவனுக்கு. எவ்ளோ நேரமா தட்டுறான்."

"உள்ளே போன்னு சொன்னேன்ல."

எழுந்து போயிருக்க வேண்டும். பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் மிஞ்சியிருந்தவை கொஞ்சம் ஃபிரேம்கள்தான். இதோ முடிந்துவிடும், முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சங்கிலி லேசாகக் கிலுங்கியதுபோல இருந்தது. நாற்காலி இழுபடும் சத்தமாகவும் இருக்கலாம். கீறினாள். அடுத்தது. கீறினாள். கடைசி ஃபிரேம். கீறினாள்.

தட்டல் நின்றது.

வாசனையும் போய்விட்டது. கணினி விசிறியின் முனகலைத் தவிர வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

படுக்கையறைக்கு ஓடினாள். சிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இடது காலுறை பாதி கழன்று தொங்கியது. அவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். போதும். இனி இந்த வேலையே வேண்டாம். நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வேறு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளலாம்.

அப்போது வாசற்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை கதவின் அடிப்பக்கத்தில். சின்னக் கை.

"அம்மா. கதவைத் திற."

அவள் கட்டிலைப் பார்த்தாள். சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தோள் ஏறியது, இறங்கியது. முழங்கால் லேசாக மடங்கியது. ஒரு சின்னப் பெருமூச்சு. நெற்றி முடி ஒன்று எழும்பி விழுந்தது.

தோள் ஏறியது, இறங்கியது. முழங்கால் லேசாக மடங்கியது. ஒரு சின்னப் பெருமூச்சு. நெற்றி முடி ஒன்று எழும்பி விழுந்தது.

இத்தனை வருடமாக இதைத்தான் பார்த்துப் பழகிய கண்கள். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் வருகிற அந்த மெல்லிய வெட்டு, மற்றவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தோள் இறங்கி முடியும் இடத்தில் அது இருந்தது. உயிருள்ள பிள்ளை ஒரே மாதிரி இரண்டு தடவை மூச்சு விடாது. அவள் மெத்தையைப் பார்த்தாள். பிள்ளையின் கனத்துக்கு அதில் பள்ளமே விழவில்லை.

"அம்மா, இந்த மாமா என் கையை விட மாட்டேங்கிறாரு."

அவள் வாசலுக்கு ஓடினாள். கதவு முழுக்கக் கீறல்கள். மேலிருந்து அடிவரை, குறுக்கும் மறுக்குமாக, அவள் போட்ட அதே கோடுகள், அவளுடைய கையின் அதே சாய்வு. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் கோடுகள். சங்கிலி இருந்த இடத்தில் கோடுகள். கையை வைத்துத் தடவினாள். பிடிக்க ஒன்றுமில்லை. சுவர் மாதிரி வழவழவென்று இருந்தது.

"சிட்டு. அம்மா இங்கதான் இருக்கேன். பயப்படாதே."

"இனிமே திறக்க மாட்டேன்மா. சத்தியமா. நீ மட்டும் ஒரே ஒரு தடவை திற." பிள்ளை இருமினாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி அழுதாள். ஒவ்வொரு அழுகையும் வேறு மாதிரி இருந்தது. அதுதான் அவள் பிள்ளை. அதுதான் உயிர்.

நாற்காலியைத் தூக்கிக் கதவில் அடித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி அடித்தாள். நாற்காலியின் கால் முறிந்து விழுந்தது. அதற்கும் சத்தம் இல்லை. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கத்தினாள். தொண்டை கிழிந்தது, குரல் வெளியே வரவே இல்லை.

கணினிக்கு ஓடினாள். துடைத்துவிடலாம். ஒட்டியதைப்போலவே மறுபடி ஒட்டிவிடலாம். முந்தைய சுற்றிலிருந்து ஒரு நல்ல கதவு போதும், ஒன்றே ஒன்று.

திரையில் தொப்பிக்காரன் மறுபடி நடந்துகொண்டிருந்தான். புகைபோக்கி வீடு வந்தது. கதவில் கீறல். பூந்தொட்டி வீடு. கதவில் கீறல். படத்தைத் தொடக்கத்துக்குத் தள்ளினாள். முதல் சுற்று, இரண்டாவது சுற்று, எல்லாக் கதவிலும் கீறல். கடன் வாங்க ஒரு கதவுகூட இல்லை. பேனாவால் ஒரு கதவை வரையப் பார்த்தாள். கை நடுக்கத்தில் கோடு கோணிப்போய் இன்னொரு கீறலாகத்தான் விழுந்தது. தொப்பிக்காரன் சந்தோஷமாகக் காலை வீசிப் போட்டு நடந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சின்னதாக ஒன்று தத்தித் தத்தி வந்தது. அதன் இடது காலுறை கழன்று தரையில் இழுபட்டது.

வாசலுக்கு ஓடினாள். நகத்தால் கதவைப் பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. வெள்ளைக் கோட்டில் இரத்தச் சிவப்பு ஏறவில்லை, கறுப்பாகத்தான் படிந்தது.

தூரத்திலிருந்து காலடிகள் நெருங்கி வந்தன. நின்றன. தட்டல்.

"அம்மா. கதவைத் திற."

கடைசியில் ஒரு சின்ன விசும்பல். காலடிகள் நகர்ந்தன. தேய்ந்தன. வெகுநேரம் ஒன்றுமில்லை. அவள் கதவில் காதை ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள். மறுபடி நெருங்கி வந்தன. நின்றன. தட்டல்.

"அம்மா. கதவைத் திற."

கடைசியில் ஒரு சின்ன விசும்பல். அதே இடத்தில்.

இல்லை. தப்பாகக் கேட்டிருப்பேன். அடுத்த தடவை இருமுவாள். வேறு ஏதாவது சொல்வாள். தொப்பிக்காரனைத் திட்டுவாள், பசிக்கிறது என்பாள், என்னையாவது திட்டுவாள். ஏதாவது ஒன்று மாறும். கடவுளே, ஒரு எழுத்தாவது மாறட்டும்.

காலடிகள் நெருங்கி வந்தன. நின்றன. தட்டல்.

"அம்மா. கதவைத் திற."

கடைசியில் ஒரு சின்ன விசும்பல்.

படுக்கையறையிலிருந்து பெருமூச்சு கேட்டது.